உப்புத்தாள் ஒட்டிய அப்பா

ஆவடிப் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள் நாலு பேர் ஏதாவது கல்யாணத்தில் சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சு முதலில் சங்குக்குத்தான் போகிறது. ஃபேக்டரிக் கூரையிலிருந்து ஊதுமே, அந்தச் சங்கு. அதைக் கேட்டுத்தான் எழுந்தோம், பல் விளக்கினோம், பள்ளிக்கு ஓடினோம் என்று ஒருவர் ஆரம்பிப்பார். காலைச் சங்குக்கு வரிசையாகச் சைக்கிளில் கிளம்பிப் போகும் அப்பாக்களைப் பற்றி இன்னொருவர் கண் கலங்கச் சொல்வார். நான் தலையை ஆட்டிக்கொண்டு பாயசத்தைக் குடிப்பேன். என் அப்பா அந்த வரிசையில் போனதே இல்லை. அந்த நேரத்தில் அவர் எதிர்ப்பக்கமாக வந்துகொண்டிருப்பார்.

அப்பாவுக்கு உலைப் பிரிவில் வேலை. இரும்பைப் பழுக்கக் காய்ச்சிப் பதம் ஏற்றுகிற உலை. அதை இரவில் அணைத்துவிட்டால் மறுநாள் சூடேற்றவே பாதி நாள் போய்விடுமாம். அதனால் பக்கத்தில் ஆள் இருந்துகொண்டே இருக்க வேண்டும். மற்றவர்கள் ஷிப்ட் மாறி மாறிப் போனார்கள். அப்பா மட்டும் எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து நைட் ஷிப்ட். அவரே கேட்டு வாங்கிக்கொண்டதாக அம்மா சொல்வாள். அப்பாவைப் பெற்றவர் முத்தாபுதுப்பேட்டையில் அடுத்தவர் வயலில் வெயிலோடு வெயிலாகக் கிடந்தவர். வெயிலில் நிற்க வேண்டாத எந்த வேலையும் அப்பாவுக்கு ராஜ உத்தியோகம்தான். உலையும் சூடுதானே என்று யாராவது கேட்டால், "அது வேற சூடு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

எங்கள் வீட்டில் பகல் என்பது மற்றவர்களுடைய இரவு. ஜன்னலிலும் அறை வாசலிலும் கறுப்புக் கம்பளி தொங்கும். குக்கர் விசில் அடிக்கப் போகிற சமயம் பார்த்து அம்மா ஓடிப்போய் அடுப்பைத் தணிப்பாள். உளுந்து ஆட்டுவதற்குப் பக்கத்து வீட்டு உரல். நானும் எங்கள் பிளாக் பெண்களும் பாண்டி விளையாடுவதென்றால் தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் போக வேண்டும். இத்தனை ஏற்பாட்டுக்கும் காவல்காரன் என் அண்ணன்.

அண்ணன் எனக்கு இரண்டு வயது மூத்தவன். அவனைப் பற்றி ஆளுக்கொரு வார்த்தை வைத்திருந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் இங்கிலீஷில் ஒன்று சொன்னார். பள்ளியில் மந்தம் என்று எழுதி, வேறு எங்காவது சேர்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அயனம்பாக்கத்து மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், "அவனுக்குக் கொஞ்சம் கம்மி" என்பார், கடைக்காரனிடம் எடையைப் பற்றிச் சொல்வது போல. அம்மா எந்த வார்த்தையும் சொல்ல மாட்டாள். அவன் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தால் அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிடுவாள்.

ஆனால் காவல் வேலையில் அவனிடம் ஒரு குறையும் கிடையாது. அப்பா பாயில் சாய்ந்ததும் வாசற்படியில் போய் உட்கார்ந்துகொள்வான். கீரைக்காரம்மா கூடையை இறக்கும் முன்பே விரலை உதட்டில் வைத்து, "ஷ்ஷ். அப்பா தூங்கறாரு" என்பான். போஸ்ட்மேனுக்கும் அதேதான். கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தவன் ஒருமுறை சிரித்துவிட்டு மேலும் உருட்ட, அண்ணன் போய்ச் சிலிண்டரின் மேலேயே உட்கார்ந்துகொண்டான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுச் சிலிண்டர் மட்டும் தோளில்தான் வந்தது.

இப்படி இருந்தவன் ஒருநாள் காணாமல் போனான். அம்மா ஆவடி மார்க்கெட்டுக்கு அழைத்துப் போயிருந்தாள். வெங்காயம் பொறுக்கிய நேரத்தில் பக்கத்துப் பஸ் ஸ்டாண்டில் நின்ற ஒரு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டான். பூந்தமல்லியில் கண்டக்டர் இறக்கிவிட்டு, எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார். அண்ணன் "ஊடு" என்றிருக்கிறான். ஒரு டீக்கடைக்காரர் பெஞ்சில் உட்காரவைத்து பன் கொடுத்திருக்கிறார். அப்பா தூக்கத்தைப் போட்டுவிட்டுச் சைக்கிளில் சுற்றிச் சுற்றி, பொழுது சாயும் நேரத்தில் கண்டுபிடித்துக் கூட்டி வந்தார். அண்ணன் பன்னில் பாதியை எனக்காகக் கால்சட்டைப் பையில் வைத்திருந்தான்.

அந்த வாரமே மாமா வந்தார். அவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மெஷினில் வேலை. அந்தச் சத்தத்தில் பேசிப் பேசி, மெதுவாகப் பேசுவது என்றால் என்ன என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

"இன்னாம்மா, எத்தினி நாளிக்கு இவனைக் கையில புடிச்சிகினு சுத்துவே? நாளைக்கு நம்மளுக்கு அப்பால யாரு கீறா? எனக்குத் தெரிஞ்ச எடத்துல ஒரு விடுதி கீது. சோறு போட்டு, துணி குடுத்துப் பாத்துக்குவாங்கோ."

"எம்புள்ள எங்கியும் போவாது" என்றாள் அம்மா.

மாமா கெட்டவர் இல்லை. இதைச் சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் இந்த மாதிரிக் கதைகளில் மாமாக்களைச் சுலபமாகக் கெட்டவராக்கிவிடுகிறோம். அவருக்கு அண்ணன் மேல் பாசம் உண்டு. தங்கை படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான். அப்பா இருவருக்கும் நடுவில் ஒன்று சொன்னார்.

"நம்ம வெல்ஃபேர் ஹால்ல இவன் மாதிரி பசங்களுக்கு கிளாஸ் ஆரம்பிக்கிறாங்களாம் மச்சான். சேத்துப் பாப்போம். நாலு எழுத்து படிச்சான்னா பஸ் போர்டைப் பாத்துகினு ஊடு வந்துருவான். இல்லாங்காட்டி நீ சொல்ற எடந்தான்."

அண்ணன் படித்தால் வீட்டில் இருப்பான், படிக்காவிட்டால் விடுதிக்குப் போவான் என்று இப்படித்தான் முடிவானது. அவனும் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். அவனை யாரும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் நம்மில் யாரைத்தான் கேட்டார்கள்?

வெல்ஃபேர் ஹாலின் பின்பக்கத்து அறை. மற்ற நாட்களில் அங்கே கேரம் போர்டும் சவுக்குக் கம்பங்களும் கிடக்கும். டீச்சர் அம்பத்தூரிலிருந்து மின்சார ரயிலில் வருவார். காட்டன் புடவை, தோளில் ஒரு பெரிய துணிப்பை, வியர்வையில் கரைந்து வழிகிற சாந்துப் பொட்டு. முதல் நாள் சிலேட்டும் இல்லை, அரிச்சுவடியும் இல்லை. மெல்லிய ரோமம் எழும்பிய பச்சை ஃபிளானல் துணியை இழுத்துக் கட்டிய ஒரு பலகையைச் சுவரில் சாய்த்துவைத்தார். படம் வரைந்த அட்டைகளின் முதுகில், மரம் தேய்க்கிற உப்புத்தாள் துண்டு ஒட்டியிருக்கும். பலகையில் வைத்து அழுத்தினால் ஆணியும் இல்லாமல் பசையும் இல்லாமல் அப்படியே நிற்கும். பிடுங்கினால் 'சர்ர்' என்று ஒரு சத்தம். நாங்கள் அதற்காகவே பிடுங்குவோம்.

உப்புத்தாள் கொடுத்தது ஃபேக்டரித் தச்சுப் பிரிவில் இருந்த ஒரு பையனின் அப்பா. தேய்ந்து, குப்பைக்குப் போக வேண்டியவற்றை அவர் கொண்டுவந்து கொடுப்பார். பழைய தாள் என்பதால் பிடிமானம் கொஞ்சம் குறைவு. கதை நடக்கும்போது ஃபேனை நிறுத்திவிட வேண்டும். "ஃபேனைப் போட்டா யானை பறந்துடும்" என்பார் டீச்சர். மே மாதத்திலும் யானைக்காக வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"நாங்கள்" என்று சொல்கிறேன். நான் அந்த வகுப்புப் பிள்ளை இல்லை. அண்ணனைக் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விடுவதும், கூட்டிவருவதும் என் பொறுப்பு. லீவு நாட்களில் அங்கேயே உட்கார்ந்துவிடுவேன், வீட்டில் இருந்தால் சத்தம் போடக் கூடாதே.

டீச்சருடைய முறை இதுதான். முதலில் வெறும் படம். பிள்ளைகளே அட்டைகளை வரிசையாக வைத்துக் கதை சொல்ல வேண்டும். அவர்கள் வாயிலிருந்து என்ன வந்ததோ அதை டீச்சர் படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் எழுதுவார். பிறகு படத்தின் மேல் ஒரு காகிதக் கதவை ஒட்டுவார். முதல் வாரம் கதவு முழுக்கத் திறந்திருக்கும். அடுத்த வாரம் கொஞ்சம் மூடும். அதற்கடுத்து இன்னும் கொஞ்சம். கடைசியில் படம் மறைந்துபோய் எழுத்து மட்டும் வெளியே நிற்கும். ரெட்டைச் சடைப் பெண் ஒருத்தி "தோசை கருகிப்போச்சு" என்ற கதையை இப்படித்தான் படித்தாள். கதவு முழுதாக மூடிய அன்று அவள் அட்டையை மோந்து பார்த்துவிட்டு, "தோசை" என்றாள். எழுத்தைப் பார்த்துச் சொன்னாளா, மோந்து சொன்னாளா என்று அறையே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. "கதவைச் சாத்திட்டா உள்ள இருக்கறவங்க போயிடுவாங்களா என்ன?" என்று அவளைத் தட்டிக்கொடுத்தார்.

அறையில் இரண்டு வரிசைகள் இருந்தன. பலகைக்கு முன்னால் படிக்கிற வரிசை. பின்னால், ஜன்னல் ஓரம், கவர் வரிசை. அங்கே மைதாப் பசையைத் தொட்டுப் பழைய பேப்பரில் மளிகைக் கடைக்குக் கவர் ஒட்டுவார்கள். பசையில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் போட்டிருப்பார்கள். அந்த நாற்றம் இன்றைக்கும் எங்காவது அடித்தால் என் கை தன்னாலே மூக்குக்குப் போகிறது. டீச்சர் ஒருவர்தான். எல்லாருக்கும் கதவை மூடித் திறக்க அவருக்குக் கை போதாது. அதனால் அட்டைகளை முறையாக அடுக்கத் தெரிந்த பிள்ளைகளை மட்டும் முன்வரிசையில் வைத்துக்கொண்டார். எது முதலில், எது பிறகு என்று பிடிபட்டால்தான் எழுத்துக்குப் போகலாம் என்பது அவருடைய கணக்கு. தப்பான கணக்கு என்று சொல்ல மாட்டேன்.

அண்ணனின் முறை வந்தது. டீச்சர் அவனுக்கென்று மூன்று அட்டைகள் வரைந்திருந்தார். ஒன்றில் அப்பா சைக்கிளில் முதுகைக் காட்டிக்கொண்டு போகிறார், வாசலில் ஒரு பையன் கையாட்டுகிறான். இன்னொன்றில் அப்பா சைக்கிளில் முகம் காட்டி வருகிறார். இன்னொன்றில் பாயில் படுத்துத் தூங்குகிறார். இதைவிடச் சுலபமான கதை கிடையாது.

அண்ணன் வருகிற அப்பாவை முதலில் வைத்தான். பக்கத்தில் தூங்குகிற அப்பா. கடைசியில் போகிற அப்பா. ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் நன்றாக அழுத்தினான்.

"அப்பா எங்கயும் போகாமலே எப்படிப்பா திரும்பி வருவாரு?" என்று கேட்டார் டீச்சர்.

"அப்பா வராரு. தூங்கறாரு. போறாரு."

டீச்சர் அட்டைகளைப் பிடுங்கிச் சரியாக வைத்துக் காட்டினார். அண்ணன் "இல்ல" என்று மறுபடி மாற்றினான். வேறொரு நாளும் அதே மூன்று அட்டைகள். அதே மாதிரி. இன்னொரு நாள் டீச்சர் அவன் கையைப் பிடித்தே வைக்கவைத்தார். அவன் தூங்குகிற அப்பாவைப் பிடுங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு பலகைக்கு அடியில் போய் உட்கார்ந்து அழுதான். டீச்சர் என்னைப் பார்த்து, "நீ வைம்மா" என்றார். நான் எழுந்து போய், போகிறார், வருகிறார், தூங்குகிறார் என்று வைத்தேன். "சமத்து" என்றார்.

இதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். அந்த மூன்று அட்டைகளையும் கையில் வைத்திருந்தபோது என் அப்பாவின் நினைப்பு எனக்கு ஒருமுறைகூட வரவில்லை. என் பாடப்புத்தகத்தில் எல்லா அப்பாக்களும் காலையில் டிபன் கேரியரோடு போனார்கள், மாலையில் வந்தார்கள். படத்தில் இருக்கிற அப்பா அந்த ஜாதி. அவருக்கும் எங்கள் வீட்டில் கறுப்புக் கம்பளிக்குப் பின்னால் குறட்டை விடுகிறவருக்கும் சம்பந்தம் இருக்க முடியும் என்று எனக்குப் படவே இல்லை. படிக்கத் தெரிந்தவர்களுக்கு வருகிற வியாதி இது. உங்களுக்கும் வந்திருக்கும். டீச்சருக்கும் வந்திருந்தது.

ஹால் படியில் வைத்து அம்மாவிடம் சொன்னார்.

"வரிசை இன்னும் பிடிபடலைம்மா. எது முன்னாடி, எது பின்னாடின்னு தெரியாம எழுத்துக்குப் போக முடியாது. கொஞ்ச நாள் கவர் ஒட்டட்டும்."

"எத்தினி நாளு டீச்சரம்மா?"

டீச்சர் துணிப்பையின் காதைச் சரிசெய்தார். அட்டைகளை அம்மாவிடம் காட்டவில்லை. காட்ட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, கேட்க வேண்டும் என்று அம்மாவுக்கும் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அப்பா வேலைக்குக் கிளம்புவதற்காகச் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது அம்மா விஷயத்தைச் சொன்னாள். அப்பா பம்பை நிறுத்தவில்லை. டயரை விரலால் அழுத்திப் பார்த்தார். "செரி. மச்சானுக்குச் சொல்லிடு" என்றார். அண்ணன் வாசலில் நின்று அவருக்குக் கையாட்டினான்.

பொங்கல் முடிந்து மாமா வந்து அழைத்துப் போவது என்று ஏற்பாடு. விடுதியில் பிள்ளைகளின் துணி ஒன்றோடொன்று கலந்துவிடுமாம். ஒவ்வொரு சட்டையிலும் பெயர் தைத்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அம்மா சிவப்பு நூலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். காலருக்கு உள்பக்கம், ஒவ்வொரு எழுத்தாக, மூக்குக்கு நேரே பிடித்துத் தைத்தாள். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, தைத்து முடித்த எழுத்தைத் தடவிப் பார்த்தான். பூ என்று நினைத்தானோ என்னவோ. அது அவன் பெயர் என்று நானும் சொல்லவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. வகுப்புக்கு அனுப்புவதையும் அம்மா நிறுத்திவிட்டாள். போகிற பிள்ளை எதற்குக் கவர் ஒட்ட வேண்டும் என்று கேட்டாள்.

மாமா வருவதாகச் சொன்ன காலையில் டீச்சர் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். பையன் பல நாளாக வரவில்லை, என்ன ஆயிற்று என்று பார்ப்பதற்காக முந்தைய ரயிலைப் பிடித்திருக்கிறார். அது காலைச் சங்கு நேரம். மெயின் ரோட்டை அடைத்துக்கொண்டு சைக்கிள்கள் ஃபேக்டரிப் பக்கம் போக, அவற்றுக்கு எதிரே உலைப் பிரிவு ஆட்கள் சிலர் கண் சிவந்து வருவதைப் பார்த்துக்கொண்டே ஓரமாக நடந்து வந்தாராம். விலாசம் விசாரித்து எங்கள் பிளாக்குக்கு வந்து சேர்வதற்குள் அப்பா குளித்துப் படுத்துவிட்டார்.

வாசற்படியில் அண்ணன். டீச்சரைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக எழுந்தான். அவர் வாயைத் திறக்கும் முன் விரலை உதட்டில் வைத்தான்.

"ஷ்ஷ். அப்பா தூங்கறாரு."

"ஏன், உடம்பு சரியில்லையா?" என்றார் டீச்சர், குரலைத் தாழ்த்தி.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "நைட்டு வேலை டீச்சரம்மா. இப்பத்தான் வந்து படுத்தாரு. இனிமே சாயங்காலம் எந்திரிச்சுத்தான் போவாரு."

"இன்னிக்கு மட்டுமா?"

"தெனமுந்தான். இவன் பொறந்ததுலேருந்து இதே வேலதான்."

 டீச்சர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்து, துணிப்பைக்குள் கையை விட்டுத் துழாவி அந்த மூன்று அட்டைகளை எடுத்துச் சிவப்பு சிமெண்டுத் தரையில் போட்டார். அண்ணனும் குந்தினான். வருகிற அப்பா. தூங்குகிற அப்பா. போகிற அப்பா. தரையில் ஒட்டாது என்று தெரிந்தும் ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் அழுத்தினான்.

டீச்சர் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பும் அழுகையுமாக இருந்தது. சத்தம் வந்தால் அண்ணன் முறைப்பான் என்பதால் இரண்டையும் விழுங்கிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து மாமா வந்து இறங்கினார். தோளில் ஒரு புது ரெக்ஸின் பை. "இன்னாம்மா, ரெடியா? பஸ்ஸுக்கு..."

"ஷ்ஷ்!" என்றான் அண்ணன்.

"இன்னாடா, என்னியே அடக்கறே?" என்றார் மாமா. ஆனால் குரலைத் தாழ்த்திவிட்டார். எங்கள் குடும்பத்தின் மிகப் பெரிய வாக்குவாதம் முழுக்க முழுக்கக் கிசுகிசுப்பாகவே நடந்தது.

"தப்பு பையன் மேல இல்லைங்க" என்றார் டீச்சர். "என் படத்து மேல. நான் எங்க வீட்டை வரைஞ்சுட்டேன். அவன் அவங்க வீட்டைச் சொல்லியிருக்கான்."

"படத்த மாத்தி வெச்சா படிச்சிருவானா?"

"தெரியாது. ஆனா வரிசை அவனுக்குப் பிடிபட்டிருக்கு. எனக்குத்தான் பிடிபடலை. இனிமேதான் நான் ஆரம்பிக்கணும்."

"இத்தினி மாசம் கயிச்சா?"

கம்பளி விலகியது. அப்பா லுங்கியைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். சத்தத்துக்கு எழவில்லை. சத்தமே இல்லாமல் இத்தனை பேர் இருப்பது அவருக்கு என்னவோ போல இருந்திருக்கிறது. டீச்சர் எழுந்து நின்றார். அப்பா அவரைப் பார்த்தார், மாமாவின் ரெக்ஸின் பையைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். மெதுவாகக் குந்தி, தூங்குகிறவரை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"இது நானா?"

"அப்பா" என்றான் அண்ணன்.

"மீசையக் காணோமே" என்றார் அப்பா. அட்டையைத் திருப்பி முதுகில் இருந்த உப்புத்தாளைக் கட்டைவிரலால் தடவினார். அண்ணன் வைத்த வரிசையிலேயே திரும்ப வைத்தார். பிறகு, எழுந்திருக்காமலே, "மச்சான், காப்பி குட்ச்சிட்டுப் போ. இவன் இங்கியே இருக்கட்டும்" என்றார்.

"அப்பால என்னியச் சொல்லாதே மாப்ளே."

"சொல்ல மாட்டேன்."

மாமா காப்பியைக் குடித்தார். கிளம்பும்போது ரெக்ஸின் பையை அண்ணனிடமே கொடுத்துவிட்டுப் போனார். அன்று மத்தியானம் அம்மா எல்லாச் சட்டைகளையும் எடுத்துப் போட்டு நூலைப் பிரித்தாள். பெயர் போய்விட்டது. ஊசித் துளைகள் மட்டும் துவைக்கத் துவைக்க ரொம்ப நாள் இருந்தன.

அண்ணன் படித்தானா என்றால், படித்தான். டீச்சர் மூன்று அப்பாக்களுக்கும் மீசை வைத்தார். கீழே அண்ணன் சொன்ன மூன்றையும் எழுத்து நடையில் எழுதினார். கதவு ஒட்டினார். கதவு மூடுவதற்கு மற்றப் பிள்ளைகளுக்கு ஆனதைவிட ரொம்பக் காலம் ஆனது. பாதி மூடிய நிலையில் ஒரு மழைக்காலமே போனது. 'அப்பா' என்பது மூன்றிலும் இருப்பதால் அதைப் பார்த்துத் தப்பிக்க முடியாது, அடுத்த வார்த்தைக்குப் போயே ஆக வேண்டும். போக மாட்டேன் என்று அடம் பிடித்தான். பிறகு ஒருநாள், மூன்று கதவும் மூடிய நிலையில், டீச்சர் அட்டைகளைக் கலைத்துப் போட்டார். அவன் இரண்டாவது வார்த்தையின் எழுத்துகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்து, ஒன்றை எடுத்து நீட்டினான். "அப்பா தூங்கறாரு." அட்டையில் 'தூங்குகிறார்' என்றுதான் இருந்தது. யாரும் திருத்தவில்லை.

மறுநாளிலிருந்து எங்கள் வீட்டுத் தாழ்ப்பாளில் அந்த அட்டை நூலில் தொங்கியது. அப்பா படுத்ததும் மாட்டுவான், எழுந்ததும் எடுத்துவிடுவான். படிக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் அதற்குக் கட்டுப்பட்டார்கள். கீரைக்காரம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அவருக்கு மட்டும் பழையபடி விரல்தான்.

அதற்கு மேல் அவன் பெரிதாக ஒன்றும் படித்துவிடவில்லை. ஆவடி, பூந்தமல்லி என்று பஸ் போர்டு படிப்பான். உப்பு, சர்க்கரை டப்பாக்களைப் படிப்பான். செய்தித்தாள் படித்ததில்லை. அந்த வகுப்பும் ரொம்ப நாள் நடக்கவில்லை. அறை வேறு எதற்கோ வேண்டியிருந்தது. ஃபிளானல் பலகையைக் கேரம் போர்டுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்ததைப் பார்த்தேன், அப்புறம் அதுவும் இல்லை. டீச்சர் கடைசி நாளில் மற்ற இரண்டு அட்டைகளையும் அண்ணனுக்கே கொடுத்துவிட்டார். அவன் அவற்றை ஒரு பிஸ்கட் டின்னில் வைத்துக்கொண்டான்.

அப்பா ரிட்டயர் ஆகும் முன்பே போய்விட்டார். ஒருநாள் காலையில் வேலை முடிந்து வந்தார், குளித்தார், படுத்தார். அண்ணன் அட்டையை மாட்டினான். சாயங்காலம் அம்மா எழுப்பப் போனபோது எழுந்திருக்கவில்லை.

கூடத்தில் கிடத்தினார்கள். கம்பளியைக் கழற்றியதில் வீட்டுக்குள் அந்நேரத்து வெளிச்சம் முதல்முறையாக வந்தது. குவார்ட்டர்ஸே வாசலில் நின்றது. மாமா ஓடி வந்தார். தாழ்ப்பாளில் அந்த அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். "பாவம், அதுக்கு இன்னா தெரியும்? தூங்கறார்னே நெனச்சிகினு கீது" என்று யாரோ சொன்னார்கள். எடுத்துவிடலாமா என்று ஒருவர் கை நீட்டினார். மாமா தடுத்தார். "இருக்கட்டும், வுடு" என்றார். யாரும் அடக்காமலே அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி அன்றுதான் நான் கேட்டேன்.

அண்ணன் உள்ளேயிருந்து பிஸ்கட் டின்னோடு வந்தான். கூட்டம் வழிவிட்டது. தாழ்ப்பாளிலிருந்து அட்டையைக் கழற்றி டின்னுக்குள் வைத்தான். மற்ற இரண்டையும் வெளியே எடுத்தான். படங்களின் மேல் கதவுகள் எப்போதோ ஒட்டிப்போயிருந்தன, எழுத்து மட்டும்தான். இரண்டாவது வார்த்தையை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். ஒன்றை டின்னில் திரும்ப வைத்தான். மற்றொன்றை நூலில் கோத்துத் தாழ்ப்பாளில் மாட்டி, உள்ளங்கையால் அழுத்தினான்.

அதுவரை எனக்கு அழுகை வரவில்லை. அப்போதுதான் வந்தது. மாமா தலையை முன்னால் நீட்டி, எழுத்துக் கூட்டுகிறவர் போல அதை வாய்விட்டுப் படித்தார்.

"அப்பா போகிறார்."

அண்ணன் விரலை உதட்டில் வைக்கவில்லை. வாசற்படியில் இறங்கி நின்று, கையாட்டுவதற்குத் தயாராகக் காத்திருந்தான்.